ஐ கிஸ்டு டேட்டிங் குட்பை: துணை தேடுவோருக்கு ஒரு நூலும் அதன் திரும்பப்பெறலும்

'ஐ கிஸ்டு டேட்டிங் குட்பை' அமெரிக்கரான ஜோஷுவா ஹாரிஸ் எழுதி, மல்ட்னோமா பதிப்பகம் 1997இல் வெளியிட்ட ஆங்கில நூல். 'டேட்டிங்கை முத்தமிட்டு வழியனுப்பினேன்' என்று தலைப்பைத் தமிழில் சொல்லிப் பார்க்கலாம். திருமணமாகாத கிறிஸ்தவ இளைஞர்கள் காதல் பழக்கத்தை எப்படிப் பார்க்க வேண்டும், வாழ்க்கைத் துணையை எப்படித் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது இதன் பொருள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றன. 2018இல் ஆசிரியரே நூலின் மையக் கருத்தைத் தாம் இப்போது ஏற்கவில்லை என்று அறிவித்து, மேற்கொண்டு அச்சிடுவதை நிறுத்தச் செய்தார்.

எழுதியவரே கைவிட்ட நூலைத் திறனாய்வு செய்வதில் என்ன பயன் என்று கேட்கலாம். இதை வாசித்து, இதன்படி நடந்து, இதை நம்பி மணம் செய்தவர்களும் செய்யாமல் இருந்தவர்களும் இன்று நாற்பது வயதை ஒட்டியவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் இப்போது அதே கேள்வியோடு நிற்கிறார்கள். நூலின் பெயர் மறைந்தாலும் அதன் அறிவுரைகள் வாலிபர் கூட்டங்களில் வேறு வேறு பெயர்களில் உலவுகின்றன. ஆகவே அந்த அறிவுரைகள் எதில் நிற்கின்றன என்று பார்ப்பது இன்னும் தேவையான வேலைதான்.

நூலாசிரியரும் காலமும்

ஜோஷுவா ஹாரிஸ் 1974 டிசம்பரில் பிறந்தவர். தந்தை கிரெக் ஹாரிஸ் அமெரிக்காவில் கிறிஸ்தவக் குடும்பங்களிடையே வீட்டிலேயே கல்வி புகட்டும் இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவர். அத்தகைய குடும்பத்துப் பிள்ளைகளுக்காக ஜோஷுவா பதின்ம வயதிலேயே 'நியூ ஆட்டிட்யூட்' என்ற இதழை நடத்தினார். நூலை எழுதியபோது அவருக்கு வயது 21. அப்போது அவருக்குத் திருமணம் ஆகியிருக்கவில்லை. முறையான இறையியல் கல்வியும் பெற்றதில்லை. 1998இல் ஷானனை மணந்தார். 2000இல் தம் சொந்த அனுபவத்தை வைத்து 'பாய் மீட்ஸ் கேர்ள்' என்ற அடுத்த நூலை எழுதினார். 2004இல் மேரிலாந்து மாநிலம் கெய்தர்ஸ்பர்க்கில் உள்ள கவனன்ட் லைஃப் சபையின் தலைமைப் போதகரானார். 2015இல் அப்பொறுப்பிலிருந்து விலகி, கனடாவின் வான்கூவர் நகரில் ரீஜன்ட் கல்லூரியில் படிக்கச் சென்றார்.

நூல் வெற்றிடத்தில் பிறக்கவில்லை. எலிசபெத் எலியட் எழுதிய 'பேஷன் அண்ட் பியூரிட்டி' 1984இலேயே வந்துவிட்டது. ஈக்வடாரில் 1956இல் கொல்லப்பட்ட அருட்பணியாளர் ஜிம் எலியட்டின் மனைவி அவர். ஒருவரையொருவர் விரும்பியும் தேவ சித்தம் தெளிவாகும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருந்த தம் கதையை அதில் சொன்னார். தென் பாப்டிஸ்ட் சபையினர் 1993இல் 'ட்ரூ லவ் வெயிட்ஸ்' இயக்கத்தைத் தொடங்கினர். திருமணம்வரை பாலுறவு கொள்வதில்லை என்று பதின்ம வயதினர் அட்டையில் கையெழுத்திட்டு உறுதிமொழி எடுப்பதே அந்த இயக்கம். 1994 ஜூலையில் வாஷிங்டன் நகரின் பெரிய புல்வெளியில் அத்தகைய அட்டைகளை இரண்டு லட்சத்துக்கும் மேல் நட்டு வைத்தார்கள். எய்ட்ஸ் அச்சமும் பள்ளிகளில் பாலியல் கல்வி பற்றிய சண்டையும் மிகுந்திருந்த ஆண்டுகள் அவை. உறுதிமொழி எடுத்த பிள்ளைக்கு அடுத்த நாள் காலையில் என்ன செய்வது என்ற கேள்வி எழுமல்லவா? அதற்கு விடை சொல்வதாக ஹாரிஸின் நூல் வந்து சேர்ந்தது.

நூலின் வாதம்

ஹாரிஸ் பாலுறவை மட்டும் தவிர்க்கச் சொல்லவில்லை. டேட்டிங் என்ற பழக்கத்தையே விட்டுவிடச் சொல்கிறார். அதில் ஏழு குறைகளைக் காண்கிறார். அது நெருக்கத்தைத் தருகிறது, ஆனால் பொறுப்பை உறுதிசெய்வதில்லை; நட்பு என்ற படியைத் தாண்டிக் குதிக்கிறது; உடல் உறவை அன்பென்று மயங்க வைக்கிறது; இருவரைக் குடும்பத்திலிருந்தும் நண்பர்களிடமிருந்தும் பிரிக்கிறது; எதிர்காலத்துக்கான ஆயத்தத்தைக் குலைக்கிறது; தனிமை வாழ்வின் மேல் மனக்குறையை உண்டாக்குகிறது; செயற்கையான சூழலில் ஒருவர் குணத்தை எடைபோட வைக்கிறது. இதற்கு மாற்றாக அவர் காட்டுவது நட்பு, பிறகு பெற்றோரும் சபையும் அறிய, திருமண நோக்கத்தோடு மட்டும் பழகுதல், பிறகு திருமணம். இதைத்தான் 'கோர்ட்ஷிப்' என்றார்கள்.

பக்கத்து வீட்டுப் பெண் பெங்களூரில் வேலை பார்த்துத் திரும்பியபோது கொண்டுவந்த பிரதியை வாங்கித்தான் நான் படித்தேன். ஆங்கிலம் எளியது, எழுத்தில் நகைச்சுவை உண்டு, மிரட்டல் இல்லை. முப்பது ஆண்டுக்கு மேல் பதின்ம வயதுப் பிள்ளைகளோடு பள்ளியில் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன்: அந்த வயதினர் இந்த நூலை ஏன் நம்பினார்கள் என்பது விளங்குகிறது. தங்களைவிட நாலைந்து வயது மூத்த அண்ணன் ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போன்ற குரல் அது. பெரியவர்கள் சொன்னால் எதிர்ப்பார்கள். அண்ணன் சொன்னால் கேட்பார்கள்.

ஏழு குறைகளில் பாதிக்கு மேல் உண்மையே என்பதையும் மறைக்கக் கூடாது. பொறுப்பில்லாத நெருக்கம் ஒருவரைக் காயப்படுத்தும் என்பதற்குச் சான்று தேட வேண்டியதில்லை. மாலை வேளையில் நல்ல உடை அணிந்து உணவகத்தில் எதிரெதிரே உட்காரும்போது தெரியும் முகம் வேறு, காய்ச்சலில் கிடக்கும் தாய்க்குக் கஞ்சி வைக்கும்போது தெரியும் முகம் வேறு என்பதும் சரிதான். நோயைப் பற்றி அவர் சொன்னதில் பெரிய தவறில்லை. தவறு மருந்தில் இருந்தது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை.

இதயம் பங்கு போடும் பண்டமா?

நூலின் தொடக்கத்திலேயே ஒரு கனவுக் காட்சி வருகிறது. மணமேடையில் மணமக்கள் உறுதிமொழி சொல்லத் தொடங்குகிறார்கள். அப்போது சபையிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்து மணமகனின் மற்றொரு கையைப் பற்றி நிற்கிறாள். அடுத்து இன்னொருத்தி, அவளுக்கு அடுத்து இன்னொருத்தி. அவர்கள் எல்லோரும் மணமகன் முன்பு பழகிய பெண்கள். ஒவ்வொருத்திக்கும் தன் இதயத்தில் ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டதாகவும், மீதி இருப்பதைத்தான் மணமகளுக்குத் தர முடியும் என்றும் அவன் சொல்கிறான்.

நூலில் வாசகர் மறக்காத இடம் இதுவே. நூலின் பெரிய பிழையும் இங்கேதான் தொடங்குகிறது என்பது என் கருத்து. அன்பு என்பது தட்டில் உள்ள பணியாரம் போல, எடுக்க எடுக்கக் குறையும் பண்டம் என்ற கணக்கு இதற்குள் ஒளிந்திருக்கிறது. இந்தக் கணக்கு மெய்யானால், மனைவியை இழந்து மறுமணம் செய்பவர் இரண்டாம் மனைவிக்குத் தர என்ன வைத்திருப்பார்? மூன்றாம் பிள்ளைக்குத் தாயிடம் எவ்வளவு மிச்சம் இருக்கும்? கிறிஸ்தவப் போதனையே மன்னிப்பையும் புது வாழ்வையும் நடுவில் வைத்து நிற்பது. அதன் பெயரால் எழுதப்பட்ட நூலில், ஒரு பழைய பழக்கம் ஆயுள் முழுவதும் அழியாத கறையாக நிற்கிறது. மன்னிப்பு பற்றியும் ஹாரிஸ் எழுதியிருக்கிறார் என்பது உண்மையே. ஆனால் வாசகர் மனதில் தங்கியது கனவுக் காட்சிதான். விளக்கவுரை அதன் பின்னால் மறைந்துபோனது.

இதே கணக்கை வாலிபர் கூட்டங்களில் பொருள்களை வைத்துக் காட்டினார்கள். ஒரு ரோஜாவைக் கையில் கொடுத்து வரிசையாக எல்லோரையும் தொடச் சொல்வார்கள். கடைசியில் கசங்கிய பூவைத் தூக்கிக்காட்டி, இது யாருக்கு வேண்டும் என்று கேட்பார்கள். மென்று துப்பிய சூயிங்கம், ஒட்டி ஒட்டிப் பசை போன டேப் என்று இதன் வகைகள் பல. செயல்முறையோடு கற்பித்தால் பாடம் மனதில் நிற்கும் என்று எங்களுக்குப் பி.எட். வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். நிற்கத்தான் செய்கிறது. தவறான பாடமும் அப்படியே நிற்கும் என்பதை யாரும் சொல்லவில்லை. அந்தக் கூட்டத்தில், யாரோ ஒருவனின் வன்முறைக்கு ஆளான ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தால் அவள் என்ன எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவாள்?

வேதவசனங்களைக் கையாண்ட முறை

டேட்டிங் என்ற சொல்லோ பழக்கமோ வேதாகமத்தில் இல்லை. இது ஹாரிஸுக்கும் தெரியும். ஆனால் அவர் பரிந்துரைத்த கோர்ட்ஷிப்பும் அங்கே இல்லை. வேதாகமம் பேசாமல் விட்ட இடத்தை ஒரு நடைமுறையால் நிரப்பிவிட்டு, அந்த நடைமுறைக்கு வேதாகமத்தின் அதிகாரத்தைக் கொடுத்ததே இந்த வகை நூல்களின் பொதுவான பிசகு.

உன்னதப்பாட்டில், காதலை அதற்கு விருப்பமாகும்வரை எழுப்ப வேண்டாம் என்ற பொருளில் மூன்று இடங்களில் ஒரு வேண்டுதல் திரும்பத் திரும்ப வருகிறது. இளைஞர்கள் காதலிக்கக் கூடாது என்பதற்கு இதையே ஆதாரமாகக் காட்டினார்கள். அதே உன்னதப்பாட்டின் மூன்றாம் அதிகாரத்தில் அந்தப் பெண் இரவில் எழுந்து நகரத்துத் தெருக்களில் தன் நேசனைத் தேடி அலைகிறாள். முதல் அதிகாரத்தில் தன் சகோதரர் தன்மேல் கோபித்து வெயிலில் காவல் வேலைக்கு வைத்ததைச் சொல்லிக் குறைப்படுகிறாள். பெற்றோர் மேற்பார்வையில் நடக்கும் பழக்கத்துக்கு இந்தப் பாட்டை எடுத்துக்காட்டாகக் கொள்வதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

துணைதேடல் பற்றிய வேதாகமக் கதைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஆதியாகமம் 24இல் ஆபிரகாம் தன் மகன் ஈசாக்குக்குப் பெண் கொள்ள ஊழியக்காரனைப் பத்து ஒட்டகங்களோடு அனுப்புகிறார். ஒட்டகங்களுக்கும் தண்ணீர் வார்க்க முன்வரும் பெண்ணே உரியவள் என்று அந்த ஊழியக்காரன் அடையாளம் கேட்டு ஜெபிக்கிறான். ரெபெக்காள் வருகிறாள். இதைப் 'பெரியவர்கள் பார்த்துச் செய்வது' என்பதற்குச் சான்றாகச் சொல்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: வீட்டார் எல்லாம் பேசி முடித்த பிறகும் பெண்ணைக் கூப்பிட்டு, இந்த மனிதனோடு போகிறாயா என்று கேட்கிறார்கள். போகிறேன் என்று அவள் வாயால் சொன்ன பிறகே பயணம் தொடங்குகிறது.

ஐந்து அதிகாரம் தள்ளிப் போனால் யாக்கோபு. கிணற்றடியில் ராகேலைப் பார்க்கிறான், ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டுகிறான், அவளை முத்தமிட்டு அழுகிறான். உறவுமுறை வாழ்த்தாகத்தான் அந்த முத்தத்தைக் கொள்ள வேண்டும். இருந்தாலும் நம் நூலின் தலைப்பை நினைத்தால் சிரிப்பு வருகிறது. பிறகு அவளுக்காக ஏழு வருடம் உழைக்கிறான். பெரியவராகிய லாபான் மணநாள் இரவில் லேயாளை மாற்றிவைத்து ஏமாற்றுகிறார். இங்கே பெரியவர்தான் வஞ்சகர். ரூத்தின் கதையிலோ, விதவையான ஒரு மோவாபியப் பெண் மாமியார் நகோமியின் யோசனைப்படி இரவில் களத்துமேட்டுக்குப் போய், போவாஸிடம் தானே திருமணத்தைக் கேட்கிறாள்.

மூன்று கதைகள், மூன்று வழிகள். எதுவும் மற்றொன்றைப் போல இல்லை. இவற்றிலிருந்து ஒரே முறையை வடித்தெடுக்க முடியாது. பவுல் 1 கொரிந்தியர் 7இன் இறுதியில் விதவைக்குச் சொல்வதில் இரண்டு பகுதிகள்தான்: தனக்கு விருப்பமானவரை மணக்கலாம், அவர் கர்த்தருக்குட்பட்டவராய் இருக்க வேண்டும். 'விருப்பமானவர்' என்பதைப் போதகர்கள் அழுத்திச் சொல்லி நான் கேட்டதில்லை.

தேவ சித்தம் என்ற சொல்லையும் இங்கே தொட வேண்டும். எலியட்டிலிருந்து ஹாரிஸ்வரை, ஒருவருக்கென்று ஒருவர் முன்குறிக்கப்பட்டிருக்கிறார், காத்திருந்தால் காட்டப்படுவார் என்ற எண்ணத்தையே வாசகர் எடுத்துக்கொண்டார். இதைக் கிறிஸ்தவ இறையியலுக்குள்ளிருந்தே மறுத்தவர்கள் உண்டு. கேரி ஃப்ரீசன் 1980இல் 'டிசிஷன் மேக்கிங் அண்ட் தி வில் ஆஃப் காட்' நூலில், கட்டளையாகச் சொல்லப்பட்டவற்றுக்குள் நின்று, ஞானத்தோடு சுதந்திரமாகத் தேர்ந்தெடுப்பதே வேதாகம வழி என்று விரிவாக வாதிட்டார். கெவின் டியங் 2009இல் 'ஜஸ்ட் டூ சம்திங்' என்ற சிறு நூலில் இதையே எளிமையாகச் சொன்னார். அவை ஹாரிஸின் நூலைப் போலப் பரவியிருந்தால் பல பேர் பிழைத்திருப்பார்கள். என்னிடம் படித்த பெண் ஒருத்தி, நல்ல வேலையில் இருப்பவள், மூன்று வரன்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளினாள். மூவரிடமும் அவளுக்குக் குறையேதும் தெரியவில்லை. 'வசனம் கிடைக்கல சார்' என்றாள். புத்தாண்டில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டையைப் போலத் திருமணத்துக்கும் ஒரு வசனம் கைக்கு வரும் என்று காத்திருந்தாள். அவளுக்கு யார் இப்படிச் சொன்னார்களோ அவர்கள் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள்.

'பழைய வழி' எவ்வளவு பழையது?

டேட்டிங் என்பது சீரழிந்த புது வழி, கோர்ட்ஷிப் என்பது மறந்துபோன தூய பழைய வழி என்ற சித்திரம் இந்த இயக்கம் முழுவதும் காணப்படுகிறது. வரலாற்றாசிரியர் பெத் பெய்லி 1988இல் எழுதிய 'ஃப்ரம் ஃப்ரன்ட் போர்ச் டு பேக் ஸீட்' இந்தச் சித்திரத்தைச் சோதிக்க உதவும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க நடுத்தர வர்க்க வீடுகளில் இருந்தது 'காலிங்' என்னும் முறை. பெண்ணோ அவள் தாயோ அழைத்தால் மட்டுமே இளைஞன் வீட்டுக்கு வரலாம். முன்னறையில் உட்கார்ந்து பேசுவார்கள், சிற்றுண்டி கிடைக்கும், பெண் பியானோ வாசிப்பாள். நகரத்தில் ஒற்றை அறைகளில் குடியிருந்த உழைக்கும் மக்களுக்கு அப்படி ஒரு முன்னறையே இல்லை. அவர்கள் வெளியே, நடன அரங்கிலும் பூங்காவிலும் சந்தித்தார்கள். டேட்டிங் இங்கிருந்துதான் கிளம்பியது. பிறகு மேல்தட்டுக்கும் நடுத்தர வர்க்கத்துக்கும் பரவி, 1920களில் நாட்டு வழக்கமாகிவிட்டது.

பெய்லி காட்டும் ஒரு நுட்பம் முக்கியமானது. காலிங்கில் அழைக்கும் உரிமை பெண் வீட்டாரிடம் இருந்தது. டேட்டிங்கில் செலவு ஆணுடையது, ஆகவே அழைக்கும் உரிமையும் ஆணிடம் போயிற்று. ஹாரிஸ் மரபில் வந்த கோர்ட்ஷிப்பில் முன்முயற்சி ஆணிடமே இருக்கிறது. அனுமதி தருபவர் பெண்ணின் தந்தை. பழைய முறையில் பெண்ணுக்கும் தாய்க்கும் இருந்த இடம் இதில் இல்லை. ஆகவே இது பழையதன் மீட்சி அல்ல. 1990களில் புதிதாகக் கட்டப்பட்ட ஒன்று.

பெண்கள் மேல் ஏறிய சுமை

ஆண்கள் இடறாமலிருக்கப் பெண்கள் உடையிலும் நடையிலும் கவனமாக இருக்க வேண்டும் என்பது இந்த வகை அறிவுரைகளில் தவறாமல் வரும். ஹாரிஸின் தம்பியர் இருவர் நடத்திய 'ரெபெல்யூஷன்' என்ற இணையதளம் 2007இல் பெண்களின் உடை பற்றி இளைஞர்களிடம் கருத்துக் கணிப்பே நடத்தியது. எது இடறல், எது இடறல் இல்லை என்று பையன்கள் விடை சொல்ல, பெண்கள் அதைப் படித்துத் திருத்திக்கொள்ள வேண்டும். இச்சையைப் பற்றி இயேசு பேசும் இடத்தில் பார்க்கிறவனின் கண்ணைப் பற்றித்தான் பேசுகிறார்; பார்க்கப்படுகிறவளின் உடையைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. லிண்டா கே க்ளைன் 2018இல் எழுதிய 'ப்யூர்' நூலில், இந்தச் சூழலில் வளர்ந்த பெண்கள் திருமணத்துக்குப் பிறகும் உடலைப் பற்றிய வெட்கத்திலிருந்து வெளிவர முடியாமல் தவித்ததைத் தங்கள் வாயாலேயே சொல்கிறார்கள். இருபது ஆண்டு 'கூடாது' என்று பழகிய மனம் ஒரே இரவில் 'ஆகும்' என்று மாறிவிடாது.

பலன் என்ன?

ஹாரிஸின் நூலின் விளைவைத் தனியே அளக்க வழியில்லை. ஆனால் உடன்பிறப்பான உறுதிமொழி இயக்கத்தைப் பற்றிச் சமூகவியல் ஆய்வுகள் உள்ளன. பீட்டர் பியர்மன், ஹன்னா ப்ரூக்னர் ஆகியோரின் 2001ஆம் ஆண்டு ஆய்வு, உறுதிமொழி எடுத்தவர்களிடம் முதல் பாலுறவு சராசரியாக 18 மாதம்வரை தள்ளிப்போனதைக் கண்டது. ஆனால் பள்ளியில் உறுதிமொழியாளர்கள் சிறுபான்மையாக இருந்தால்தான் இந்தப் பலன். எல்லோரும் எடுத்தால் அதன் தனித்தன்மை போய்விடுகிறது, பலனும் போய்விடுகிறது. உறுதிமொழியை மீறியவர்கள் அந்த முதல் உறவில் பாதுகாப்பு முறைகளைக் கையாண்டது குறைவு. ஜேனட் ரோசன்பாம் 2009இல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு இன்னும் கறாரானது. உறுதிமொழிக்கு முன்பே எல்லா வகையிலும் ஒத்திருந்த இளைஞர்களை இரு பிரிவாக ஒப்பிட்டார். ஐந்து ஆண்டு கழித்து இரு பிரிவினரின் பாலுறவு நடத்தையில் வேறுபாடு இல்லை. பாதுகாப்பு முறைகளைக் கையாள்வதில் உறுதிமொழியாளர்களே பின்தங்கியிருந்தனர். 82 விழுக்காட்டினர் அப்படி ஓர் உறுதிமொழியைத் தாங்கள் எடுத்ததே இல்லை என்றார்கள். இந்தக் கடைசி எண்ணைப் படித்தபோது எனக்குப் பள்ளி காலை வணக்கக் கூட்டத்து உறுதிமொழி நினைவுக்கு வந்தது.

திரும்பப் பெறுதல்

தம் நூலால் காயப்பட்டதாகச் சொன்ன வாசகர்களுக்கு ஹாரிஸ் 2016 முதல் வெளிப்படையாகப் பதில் சொல்லத் தொடங்கினார். 2017இல் ஒரு டெட்எக்ஸ் உரையில் தவறை ஒப்புக்கொள்வது பற்றிப் பேசினார். ஜெசிகா வான் டெர் வைன்கார்ட் இயக்கிய 'ஐ சர்வைவ்டு ஐ கிஸ்டு டேட்டிங் குட்பை' என்ற ஆவணப்படம் 2018இல் வந்தது. ஹாரிஸே நேரில் போய் வாசகர்களைச் சந்தித்துக் கேட்பதுதான் படம். அதே ஆண்டு நூலையும் அதனோடு இணைந்த பிற வெளியீடுகளையும் நிறுத்துவதாக அறிவித்து மன்னிப்புக் கேட்டார். இவ்வளவு விற்ற நூலை எழுத்தாளரே நிறுத்துவது அரிய செயல். அதற்காக அவரை மதிக்கலாம்.

2019 ஜூலையில் அவரும் ஷானனும் பிரிவதாக அறிவித்தார்கள். சில நாளில், தம்மை இனிக் கிறிஸ்தவராகக் கருதவில்லை என்றும் ஹாரிஸ் அறிவித்தார். உடனே இரண்டு தரப்பிலிருந்தும் 'பார்த்தீர்களா' என்ற குரல் எழுந்தது. நூலை வெறுத்தவர்கள், இவர் சொன்ன வழியில் போனால் மணவாழ்வு முறியும் என்றார்கள். நூலை நேசித்தவர்கள், நூலைக் கைவிட்டதால்தான் விசுவாசத்தையும் இழந்தார் என்றார்கள். இரண்டுமே தவறான வாதங்கள். ஒருவரின் மணமுறிவு அவருடைய கருத்தைப் பொய்யாக்காது. ஹாரிஸ் தம்பதியர் ஐம்பது வருடம் மகிழ்ச்சியாக வாழ்ந்திருந்தாலும் கனவுக் காட்சியின் கணக்கு தவறாகவே இருந்திருக்கும். திறனாய்வு நூலைத்தான் தொட வேண்டும், படுக்கையறையை அல்ல. ஷானன் தம் தரப்பை 'தி வுமன் தே வான்டட்' என்ற நினைவு நூலாக 2023இல் தாமே எழுதிவிட்டார். 'பாய் மீட்ஸ் கேர்ள்' வாசித்தவர்கள் அதையும் வாசிப்பது நியாயம்.

ஒரு வாக்குறுதி மட்டும் கேள்விக்கு உட்பட வேண்டியது. இப்போது அடக்கமாக இருந்தால் பின்னால் சிறந்த மணவாழ்வு கிடைக்கும் என்ற எண்ணத்தை இந்த நூல்கள் வெளிப்படையாகவோ மறைவாகவோ தந்தன. ஒழுக்கத்தை வைப்புத்தொகை போலவும் திருமணத்தை முதிர்வுத்தொகை போலவும் கருத வைத்த பேச்சு அது. வேதாகமம் அப்படி எங்கும் உறுதி தரவில்லை. முப்பத்தைந்து வயதில் துணை கிடைக்காமல் நின்றவர்கள், மணந்து துன்பப்பட்டவர்கள், தாங்கள் எங்கே தவறினோம் என்று தங்களையே குடைந்துகொண்டார்கள். ஹாரிஸின் மன்னிப்பு அவர்களுக்கு மிகத் தாமதமாக வந்தது.

தமிழ் வாசகருக்கு

இந்த விவாதத்தைப் படிக்கும் நம்மவர்கள், 'நம் பெரியவர்கள் பார்த்து வைக்கும் முறையே மேல் என்று அமெரிக்கக்காரனே எழுதினானே' என்று மகிழ்வது உண்டு. நூலை அப்படி வாசிப்பது பிழை. ஹாரிஸின் இளைஞன் தானே பெண்ணைத் தேர்ந்தெடுத்து அவள் தந்தையிடம் போகிறான். இங்கே ஜாதகம் மட்டும் நீங்கலாக மற்ற எல்லாம் கிறிஸ்தவ வீடுகளிலும் நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நாளிதழின் மணமகள் தேவை பகுதியில் 'ஆர்.சி.', 'சி.எஸ்.ஐ.' என்பதற்குப் பக்கத்திலேயே சாதிப் பெயர் நிற்பதை யாரும் பார்க்கலாம். கர்த்தருக்குட்பட்டவராய் இருக்க வேண்டும் என்ற பவுலின் ஒரே நிபந்தனையோடு நாம் இரண்டாவதாக ஒன்றைச் சேர்த்து, அதையே முதலில் அச்சிடுகிறோம். சீர் என்ற பெயரில் கைமாறும் பணத்தைப் பற்றியும் ஒரு வாலிபர் கூட்டத்தில் பேசி நான் கேட்டது அரிது. பையனும் பெண்ணும் பேசிக்கொள்ளலாமா என்பதைப் பற்றிய பேச்சுக்கு மட்டும் குறைவில்லை. திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, தடை ஏதும் இருந்தால் சொல்லுங்கள் என்று சபையாரிடம் கேட்கிறார்கள். ரெபெக்காளிடம் கேட்ட கேள்வியை, வீட்டில் பேச்சு முடிவதற்கு முன், பெண்ணிடம் தனியாக எத்தனை பேர் கேட்கிறார்கள்?

நூலின் பழைய பிரதிகள் இன்னும் கிடைக்கின்றன. வாசிக்க விரும்புபவர் ஹென்றி க்ளவுட், ஜான் டவுன்சென்ட் இருவரும் 2000இல் எழுதிய 'பௌண்டரிஸ் இன் டேட்டிங்' நூலையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். உளவியல் பயிற்சி பெற்ற கிறிஸ்தவர்கள் எழுதியது. பழக்கத்தை விலக்கச் சொல்லாமல், பொய், கட்டாயப்படுத்துதல், மரியாதையின்மை ஆகியவற்றை ஒரு பெண்ணோ ஆணோ எப்படி அடையாளம் கண்டு 'போதும்' என்று சொல்வது என்பதைச் சொல்கிறது. அமெரிக்க உதாரணங்களே அதிலும் நிறைந்திருக்கின்றன. ஆனால் அந்த 'போதும்' பற்றிய அதிகாரங்கள், பெண் பார்க்க வந்தவர்கள் காப்பி குடித்துவிட்டுப் போன வீட்டிலும் வாசிக்கத் தக்கவை.